கம்பி இல்லாத லைன்

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கித் தொழிற்பேட்டைக்குப் போக முறையான வழி ஒன்று உண்டு. படியேறி, பாலத்தில் நடந்து, இறங்கி, லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களில் அப்படிப் போனவர்கள் குறைவு. பிளாட்பாரச் சரிவில் இறங்கி, வந்த திசையிலேயே தண்டவாளத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் திரும்பி நடந்தால், எதிர்ப்பக்க மதிலில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அந்தப் பக்கம் கம்பெனித் தெரு. "ஓட்டையாண்ட நில்லு, வந்துர்றேன்" என்றால் எல்லாருக்கும் புரியும்.

ஓட்டைக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவே ஐந்து தண்டவாளங்கள். முதல் இரண்டில் மின்சார வண்டிகள் ஓடும். கடைசி இரண்டில் எக்ஸ்பிரஸ். நடுவில் இருந்தது செத்த லைன். துருப்பிடித்து, கட்டைகளுக்கு நடுவே புல்லும் சீமைக்கருவேலமும் முளைத்துக் கிடந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் முதல் இரண்டைக் கடந்து செத்த லைனில் ஏறி நிற்பார்கள். பின்னால் வருகிறவர்கள் வந்து சேரும்வரை அங்கேதான் காத்திருப்பு. பின்னல் போடுவது, பாதியில் விட்ட இட்லியைத் தின்று முடிப்பது எல்லாம் அங்கே நடக்கும். எல்லாரும் சேர்ந்ததும் வனஜா இரண்டு பக்கமும் பார்ப்பார். "வா" என்றால் மொத்தக் கூட்டமும் ஓடும். "நில்லு" என்றால் நிற்கும்.

வனஜாவுக்கு அந்தப் பொறுப்பை யாரும் கொடுக்கவில்லை. கம்பெனியில் அவர் பேக்கிங் பிரிவு. மற்றவர்களில் பாதிப்பேர் பிரஸ் ஷாப்பில் நாள் முழுக்கத் தகடு அடிக்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவர்கள். சில வருஷத்தில் அவர்கள் காது மந்தமாகிவிடும். வீட்டில் டிவியை அலற விடுகிறார்கள் என்று பிள்ளைகள் சண்டை போடும். வனஜாவுக்கு ஐம்பது தாண்டியும் காது கூர்மை. எக்ஸ்பிரஸ் கண்ணுக்குத் தெரியும் முன்பே சொல்லிவிடுவார். இருபது வருஷத்துக்கும் மேலாக அவர் குரலை நம்பிக் கடந்த ஒருவருக்கும் கீறல் விழுந்ததில்லை.

ரயிலில் அவர் வேறு மாதிரி ஆள். பட்டாபிராமில் ஏறி ஜன்னலோரம் பிடித்துவிட்டால் வாய் மூடாது. பேச்சு பெரும்பாலும் தண்டவாளங்களைப் பற்றித்தான் இருக்கும். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக்குப் பிரிந்து போகும் லைனைக் காட்டுவார். ஸ்ரீபெரும்புதூருக்குப் போடப் போவதாக அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பேச்சு அடிபடும் லைனைப் பற்றிச் சொல்வார். அதற்கு அவர் வைத்த பெயர் வராத லைன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் போகும்போது வில்லிவாக்கத்தில் எழுந்து நின்று கை நீட்டுவார். "இங்கேர்ந்து அண்ணா நகருக்கு வண்டி போச்சு. நா ஏறிகீறேன். பாலம் கட்டணும்னு நிறுத்துனாங்க. பாலம் வந்துச்சு, வண்டி வரல." கல்யாணமான புதிதில் கணவர் பாஸ்கரனோடு அந்த வண்டியில் ஒருமுறை சும்மா போய்ச் சும்மா திரும்பி வந்ததை அப்போது சொல்வார். பாஸ்கரன் இப்போது இந்து கல்லூரி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கேட்டால் அப்படி ஒரு வண்டியில் போன ஞாபகமே இல்லை என்பார்.

செத்த லைனைப் பற்றி மட்டும் வனஜா யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஓட்டை இருக்கும் மதில் ஒரு காலத்தில் இரும்பு உருட்டும் ஆலையின் மதில். அவர் அப்பா வீராசாமி அங்கே கேட் ஆள். அதற்கு முன் அதே மண்ணில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நிலமெல்லாம் தொழிற்பேட்டையானபோது அவருக்குக் காக்கிச் சட்டையும் விசிலும் கிடைத்தன. சிறுமி வனஜா சோறு கொண்டுபோகும் வேளையில்தான் டீசல் இஞ்சின் அந்த லைனில் வேகன்களைத் தள்ளிக்கொண்டு வந்து, எக்ஸ்பிரஸ் லைன்களைக் குறுக்கே தாண்டி ஆலைக்குள் நுழையும். பிறகு ஆலை மூடியது, அப்பா இறந்தார், அந்த லைனுக்கு வண்டி வருவது நின்றது.

பானுப்பிரியா பிரஸ் ஷாப்பில் சேர்ந்தது போன வருஷம். இருபத்துநாலு வயது. அன்னனூரில் ஏறுவாள். அவள் அம்மா பொன்னியம்மாவும் அதே லைனில் வில்லிவாக்கம் போய் வீட்டுவேலை செய்கிறவர்தான். ஆனால் அவர் விடியற்காலை வண்டி. அதனால் வனஜாவுக்கும் அவருக்கும் அறிமுகம் கிடையாது. முதல் நாள் செத்த லைனில் நின்றபோது பானு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"இன்னாக்கா, கீழ புல்லு, மேல காக்கா. இது லைனா, மாட்டுக் கொட்டாயா?"

வனஜா ஆகாயத்தைக் காட்டினார். "மேல பாரு. அந்த லைனுக்குக் கம்பி கீது, இந்த லைனுக்குக் கம்பி கீது. இதுக்குக் கீதா? கம்பி இல்லாத லைன்ல வண்டி வராது. தைரியமா நில்லு."

புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர் சொல்லும் பாடம் அது. பானுவுக்குப் பிடித்துப்போய்விட்டது. ஓய்வில்லாமல் லைன் கதை சொல்கிறவர் என்பதால் வனஜாவுக்கு லைன் அக்கா என்று பெயர் வைத்தாள். போனிலும் அப்படியே பதிந்துகொண்டாள். "செத்த லைனு, வராத லைனு எல்லாம் காட்றியேக்கா, சென்னீர்குப்பத்துக்கு ஒரு லைன் காட்டு" என்று பக்கத்து மிஷின் சபீனா கிண்டலடிப்பாள். சென்னீர்குப்பத்தில் பானுவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. பெயர் சந்தோஷ், லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். தை மாதம் கல்யாணம். பூந்தமல்லி மெட்ரோவில் ஏசியில் போகப் போகிறேன், நீங்களெல்லாம் தொங்கிக்கொண்டே வாருங்கள் என்று பானு பதிலுக்குச் சீண்டுவாள்.

ஐப்பசியில் யாரோ ஆட்கள் வந்து செத்த லைனில் கருவேலத்தை வெட்டினார்கள். புல்லைச் செதுக்கினார்கள், சில கட்டைகளை மாற்றினார்கள். பழைய ஆலை இடத்தை ஒரு சரக்குக் கிடங்குக்காரர்கள் வாங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவர்களுடைய வேலை அது. அறிவிப்புப் பலகை ஒன்று ஆலையின் பெரிய கேட்டில் மாட்டியிருந்தார்கள். ஓட்டைப் பக்கம் எதுவும் இல்லை. பெண்களுக்குச் சந்தோஷம், பாம்புப் பயம் போயிற்று. மதிலை அடைக்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்று வனஜா ஊகித்தார். ஒரு திங்கட்கிழமை சபீனா குனிந்து பார்த்துவிட்டு, தண்டவாளத்தின் மேல்பக்கம் பளபளவென்று இருக்கிறதே என்றாள். மழையில் கழுவிவிட்டிருக்கும் என்றார் வனஜா. முந்தின நாள், தொழிற்பேட்டைக்கு விடுமுறை நாளில், அதன்மேல் ஓர் இஞ்சின் போய் வந்திருந்தது.

அந்த வாரமே அது நடந்தது. தூறல் பிடித்துக்கொண்டிருந்த காலை. சென்ட்ரல் பக்கமிருந்து எக்ஸ்பிரஸ் வரும் சத்தம் வனஜாவுக்குக் கேட்டது. பானு வரிசையின் மேற்குக் கோடியில், கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய், ஓடிவிடலாமா என்பதுபோல ஒரு காலை முன்னால் வைத்திருந்தாள்.

"பானு, அங்கியே நில்லு."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு அவள் காலைப் பின்னுக்கு இழுத்து, செத்த லைனின் நடுவில் நின்றாள்.

எக்ஸ்பிரஸ் வந்தது. அது கடக்கும்போது வேறெதுவும் கேட்காது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லார் முதுகும் ஆவடிப் பக்கம். அந்தப் பக்கமிருந்து, செத்த லைனில், டீசல் இஞ்சின் பின்னால் இருந்து தள்ள, வெற்று வேகன்கள் வந்தன. முன் வேகனில் தொங்கியபடி வந்த ஆள் விசில் ஊதினாராம். வனஜா எதையோ உணர்ந்து திரும்பியபோது வேகனின் முகப்பு பானுவுக்குப் பின்னால் இருந்தது. கத்தினார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. கைக்கு எட்டிய சபீனாவைப் பிடித்து இழுத்தார். மற்றவர்கள் தாமாகவே சிதறினார்கள். பானு கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

வேகன்கள் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் இந்தப் பக்கத் தண்டவாளத்தில் மின்சார வண்டி ஒன்று மெதுவாகக் கடந்தது. வாசலில் தொங்கியவர்கள் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அந்த வீடியோ எல்லார் கைக்கும் போய்விட்டது. அதில் பானுவின் கழுத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கயிறு தெரிந்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசியபடியே லைனைக் கடந்த பெண் என்று வீடியோவின் மேல் எழுதியிருந்தது. சாயங்கால டிவியும் அதையே சொன்னது.

அது ஹெட்போன் இல்லை. பிரஸ் ஷாப்பில் சத்தத்துக்காகக் காதில் செருகிக்கொள்ளக் கம்பெனி கொடுக்கும் ரப்பர் அடைப்பான். தொலைந்துபோகாமல் இருக்கக் கயிற்றில் கோத்திருக்கும். வீட்டிலிருந்தே கழுத்தில் போட்டுக்கொண்டு வருவாள். போன் அணைத்து டிபன் பைக்குள் இருந்தது. பிரஸ் ஷாப்பில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் அடைப்பான் அந்த நேரத்தில் காதில் இருந்ததா, கழுத்தில் இருந்ததா என்பதைச் சொல்லக்கூடியவர் வனஜா ஒருவர்தான். காதில் இருந்திருந்தால் அவள் "சரிக்கா" சொல்லியிருக்க மாட்டாள்.

ரயில்வே போலீஸ் விசாரித்தபோது வனஜா தான் எதையும் கவனிக்கவில்லை என்றார். லைனைக் கடந்தார்கள் என்று தெரிந்தால் வேலை போகும் என்று மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. சபீனா மட்டும் வனஜாவின் கையைப் பிடித்து, நீ அவளை நில்லு என்றதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் அக்கா என்றாள். யாரும் கேட்காமலே அவள் அப்படிச் சொன்னது வனஜாவுக்குச் சோற்றில் கல்போல மாட்டிக்கொண்டது. அன்னனூரில் பிணம் எடுத்தபோது தெருக்கோடியில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போகாமல் திரும்பினார். அதற்குப் பிறகு பெண்கள் பெட்டியில் ஏறுவதை விட்டு, கடைசிப் பெட்டியில் ஆண்களின் நெரிசலில் நின்றுகொண்டு வந்தார். ஓட்டையைக் கான்கிரீட் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். எல்லாரும் படியேறிச் சுற்றிப் போனார்கள்.

சுற்றிப் போகும் அந்த நடையில்தான் அப்பா சொன்ன ஒன்று வனஜாவின் நினைவுக்கு வந்தது. வீராசாமி கேட்டைத் திறக்கும் முன் இஞ்சின் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பார். இழுத்துக்கொண்டு வந்தால் சத்தம் முன்னால் வரும். தள்ளிக்கொண்டு வந்தால் வேகன்தான் முன்னால் வரும், சத்தம் பின்னால்தான் வரும். அதைத்தான் நம்பக்கூடாது என்பார். அந்த லைனில் என்றைக்குமே கம்பி இருந்ததில்லை. கம்பி இல்லாமல்தான் அதில் வண்டி வந்துகொண்டிருந்தது. தூக்குச்சட்டியோடு நின்று அதைப் பார்த்தவர் வனஜா. பார்த்ததை மறந்துவிட்டு, மின்சார வண்டிக்குப் பொருந்தும் விதியை எல்லாப் பெண்களுக்கும் பாடம் சொல்லியிருக்கிறார்.

சபீனா ஒருநாள் கம்பெனி வாசலில் நிறுத்தி இன்னொன்று சொன்னாள். சென்னீர்குப்பத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்து, எங்கள் பையன் அந்த நேரத்தில் வேலையில் இருந்தான், அவன் போனுக்கு எதுவும் வரவில்லை, பிறகு உங்கள் பெண் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள் என்று தெருவில் வைத்துக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்து பொன்னியம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. பானுவின் போனுக்குச் சார்ஜ் போட்டு, அதிலிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார். தையல்கடைக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பள்ளியில் கூடப் படித்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வி. சிலர் திட்டுகிறார்கள், சிலர் அழுகிறார்கள்.

வனஜா பாஸ்கரனிடம் முழுவதையும் சொன்னார். அவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "போனவ போய்ட்டா. நீ ஏன் போய்த் தலையக் குடுக்கற? நாலு பேர் நாலு நாள் பேசுவான், மறந்துருவான்."

"அந்த போன்ல என் நெம்பர் கீது. என்னியும் கூப்பிடும்."

கூப்பிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் பானு என்று வந்தது. வனஜா ஈரக் கையோடு எடுத்தார்.

"யாரும்மா நீ? லைன் அக்கான்னு போட்டுகீது," என்றது ஒரு களைத்த குரல். "நீதானா எம் பொண்ணுகிட்ட பேசிகினு இருந்தது?"

வனஜா போனை வைத்துவிட்டார். அது மறுபடியும் அடித்தது. நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் விடியற்காலை வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறினார். அன்னனூரில் பொன்னியம்மா ஏறினார். தெருக்கோடியிலிருந்து பார்த்த முகம்தான், ஆனால் பாதியாகியிருந்தது. மடியில் வேலைக்குப் போகும் பை, கையில் பானுவின் போன். வனஜா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நேற்று போனை எடுத்தது நான்தான் என்று தொடங்கி, ஓட்டை, செத்த லைன், கயிறு, அடைப்பான் எல்லாவற்றையும் சொன்னார். திருமுல்லைவாயில் கடந்தது, அம்பத்தூர் கடந்தது. பொன்னியம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வனஜா பக்கம் திரும்பினார்.

"அவ காதுல அது இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நா அவள அங்கியே நில்லுன்னு சொன்னேன். சரிக்கான்னு சொல்லிட்டு நின்னா."

"நீ சொல்லித்தான் நின்னாளா?"

"ஆமா. ஓடப் பாத்தா. நாந்தான் நிறுத்தினேன்."

வண்டி பட்டரவாக்கத்தில் நின்றது. வனஜா இறங்கவில்லை. பொன்னியம்மா போனைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.

"அப்போ உங்கூடத்தான் பேசிகினு இருந்துகீறா," என்றார். "ஞாயித்துக்கெழம ஊட்டாண்ட வா. அந்தப் பொம்பளையையும் வரச் சொல்றேன். தெருவுல நின்னு சொல்லு."

வனஜா போனார். பாஸ்கரன்தான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். தெருவே வாசலில் நின்றது. சென்னீர்குப்பத்து அம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வனஜாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. ரயிலில் சொன்னதை அப்படியே சொன்னார். கம்பி பற்றிய பாடத்தையும், பளபளத்த தண்டவாளத்தையும்கூட விடவில்லை. சொல்லி முடித்ததும் நாற்காலியில் இருந்தவர், இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் ஏன் அப்படிக் கேட்கப் போகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பொன்னியம்மாவின் தம்பி பாண்டியன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"அடிக்காத," என்றார் பொன்னியம்மா. "இன்னும் ரொம்பப் பேருகிட்ட சொல்லணும் அது."

அப்படியே ஆயிற்று. காரியத்தன்று உறவுக்காரர்கள் முன்னால் வனஜா சொன்னார். ரயில்வே போலீஸிடம் போய், முன்பு சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தார். அதனால் வழக்கில் பெரிய மாற்றமில்லை. கடக்கக் கூடாத இடத்தில் கடந்தது கடந்ததுதான் என்றார்கள். கம்பெனி அவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் வரவில்லை. கூட நடந்த பெண்கள் தாமாகவே விலகிக்கொண்டார்கள். சபீனா மட்டும் கேன்டீனில் எதிரில் உட்காருவாள், பேசுவதற்கு எதையாவது தேடுவாள். படியேறிச் சுற்றிப் போகும் வழியில் "வா" என்றோ "நில்லு" என்றோ சொல்ல எதுவுமில்லை. சொன்னாலும் கேட்பதற்கு ஆளில்லை.

இப்போது வனஜா ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பி அந்த விடியற்காலை வண்டியில்தான் போகிறார். பொன்னியம்மா அன்னனூரில் ஏறி, வேறு இடம் காலியாக இருந்தாலும் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். நலம் விசாரிப்பதில்லை. அம்பத்தூர் தாண்டியதும் பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

"காட்டு," என்பார்.

வனஜா கையை நீட்டுவார். அடைத்த மதில், அதற்கு முன்னால் எக்ஸ்பிரஸ் லைன்கள், அதற்கு இந்தப் பக்கம் மேலே கம்பி இல்லாத தண்டவாளம். தினமும் வேகன் போவதால் அது இப்போது மற்றவற்றைப் போலவே பளபளக்கிறது.

"இன்னும் கொஞ்சம் இந்தாண்ட," என்பார். "இந்தா. இங்க."

பொன்னியம்மா அது கண்ணை விட்டு மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு வண்டி நிற்கும், வனஜா இறங்கிக்கொள்வார்.